கெட்டில் இப்பத்தான் கொதிச்சுது

லபர்னம் க்ளோஸ் தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் அது முதலில் ஒன்பதாம் எண் வீட்டுச் சமையலறைக்குத்தான் வந்து சேரும். சம்பந்தப்பட்டவருக்கே தெரிவதற்கு முன்னால் அங்கே தெரிந்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு; அது கொஞ்சம் மிகை. கிளெண்டா பெட்டிஃபர் ஒட்டுக்கேட்கிற ரகமெல்லாம் இல்லை. அவள் வீட்டு சிங்க் ஜன்னலை ஒட்டி இருக்கிறது, ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற மனுஷி கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்? பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று கணவன் டெஸ்மண்ட் வருஷா வருஷம் சொல்வான், அவள் வருஷா வருஷம் வேண்டாம் என்பாள். ஏன் என்று ஹிச்சின் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்தச் சமையலறைக்கு என்று ஒரு முறை இருந்தது. வருகிறவர் வாசலிலேயே, "உக்கார நேரமில்ல, சும்மா எட்டிப் பாத்தேன்" என்பார். சொல்லும்போதே கோட்டின் ஒரு கை கழன்றிருக்கும். உடனே கிளெண்டா, "வாங்க வாங்க, கெட்டில் இப்பத்தான் கொதிச்சுது" என்பாள். கெட்டில் காலையிலிருந்து ஐஸ் மாதிரிக் கிடக்கும். அது வந்தவருக்கும் தெரியும், வந்தவருக்குத் தெரியும் என்பது கிளெண்டாவுக்கும் தெரியும். உங்களால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை என்பதைத்தான் அந்தத் தெருவில் அப்படிச் சொல்வார்கள். அப்புறம் அவள் கெட்டிலில் தண்ணீர் பிடித்து, சுவிட்சைத் தட்டி, வந்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கப் தேடுவாள். இத்தனை வருஷமாக ஒரே அலமாரியில் ஒரே தட்டில் இருக்கிற கப்புகளை அவள் ஏன் அவ்வளவு நேரம் தேடுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர் வீட்டு ரோசலிண்ட் ஹேகாக் கொதிநீர்க் குழாய் வாங்கும் வரை.

கெட்டில் வேண்டாம், அடுப்பு வேண்டாம். குழாயைத் திருகினால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். தெருவே போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால் பரவாயில்லை, மறுநாளும் போனது. பதினோரு மணி டீக்குக் கிளெண்டாவின் மேஜையைச் சுற்றி நாற்காலி போதாமல் இருந்த காலம் போய், இஞ்சி பிஸ்கட் டின்னிலேயே நமுத்துப் போகிற காலம் வந்தது. பதினாலாம் எண் வீட்டு மகள் புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்ட விஷயத்தைத் தபால்காரர் சொல்லித்தான் கிளெண்டா தெரிந்துகொண்டாள். தபால்காரர்! அவர் பக்கத்துத் தெருக்காரர். அன்று அவளுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய முள் ஒன்று தொண்டையில் நின்றது. பக்கத்து வீட்டு நார்மனின் காரில் ஒரு பச்சைத் தொப்பி வந்து போய்க்கொண்டிருந்தது. தொப்பிக்குக் கீழே ஒரு பெண்மணி. நார்மன் மனைவியை இழந்து வருஷங்கள் ஆகிவிட்ட, ஊர் பௌல்ஸ் கிளப்பின் கேப்டனாக இருக்கிற, புல்வெளியில் பந்து உருட்டுவதைத் தவிர வேறு சபலம் இல்லாத மனிதர். அவர் காரில் பச்சைத் தொப்பி! யார், எந்த ஊர், என்ன உறவு, ஒன்றும் தெரியவில்லை. நார்மனோ தினமும் நாய் பிக்கிளை இழுத்துக்கொண்டு ரோசலிண்ட் வீட்டுக்குப் போகிறார். அங்கே அவர் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருக்கிறார், ரோசலிண்ட் அள்ளிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நினைத்துக் கிளெண்டா கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். அந்தத் தொப்பியின் கதையும் தன் காதுக்கு இரண்டாம் கையாக வந்தால் இந்தத் தெருவில் தனக்கு என்ன மரியாதை?

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் கெட்டில் நொண்ட ஆரம்பித்தது. சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டே நின்றால்தான் கொதிக்கும். அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பாறை கட்டியிருந்தது. ஊற்றினால் டீயில் செதில் மிதக்கும்.

"விட்டுத் தள்ளு, கிளெண்டா. நாமளும் அந்த டேப்பே வாங்கிடலாம்," என்றான் டெஸ்மண்ட். கம்பெனி விளம்பரப் புத்தகத்தை அவன் பைபிள் மாதிரி மடியில் வைத்திருந்தான். "வாழ்க்கையில பாதியை நாம கெட்டில் முன்னாடி நின்னே கழிச்சிருக்கோம்."

"நாமளா? நீ எப்ப நின்ன? நிக்கிறது நான். நீ உக்காந்த இடத்துலருந்து 'ஆச்சா'ன்னு கேப்ப."

"அந்தக் கேக்குற நேரமாவது மிச்சமாகுமில்ல?"

டெஸ்மண்ட் கராஜில் பீர் காய்ச்சுகிறவன். குடிக்கத்தக்கதாக அது இதுவரை வந்ததில்லை. ஆனால் அதற்காக வாங்கிய தெர்மாமீட்டர் உயர்ந்த ரகம். அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "ரோசலிண்ட் வீட்டுக் கூரைத் தண்ணி ஓடுற தகரத்துல இலை அடைச்சிருக்காம், பாத்துட்டு வரேன்" என்று போனான். திரும்பி வந்து, "தொண்ணூத்தெட்டு டிகிரி!" என்றான்.

"இலையா?"

"தண்ணி, தண்ணி. இன்னும் ரெண்டு டிகிரி குறையுது. ஆனா அது நாக்குக்குத் தெரியாது."

"அந்தக் குழாய்க்கு சிங்குக்கு அடியில ஒரு டேங்க் வைக்கணுமாமே? என் பைங்க எங்க போகும்?" சிங்குக்கு அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் முழுக்க வேறு பிளாஸ்டிக் பைகள். என்றாவது உதவும் என்று அவள் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்தவை.

"பைங்களுக்காக ஒருத்தி டீயை விடுவாளா?"

"சுண்ணாம்புக்கு ஃபில்டர் வேற மாத்திக்கிட்டே இருக்கணும்னு சொல்றாங்க."

"வியாழக்கிழமை கம்பெனி ஆள் வராரு. அவர்கிட்டயே கேளு," என்றான் டெஸ்மண்ட், பார்வையைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல். ஆளை வரச் சொல்லியே விட்டான் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கத்த வேண்டும் போல் வந்தது. ஆனால் கத்தவில்லை. உள்ளுக்குள் அவளும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். பைகள் போனால் போகட்டும். குழாய் வந்தால் நார்மன் வருவார். நார்மன் வந்தால் தொப்பி வரும்.

ஆனாலும் வாங்குவதற்கு முன் ஒரு தடவை எதிரியின் கோட்டைக்குள் போய்ப் பார்க்க வேண்டாமா? கிறிஸ்மஸுக்கு ரோசலிண்ட் கேக் சுட்டுக் கொடுத்த கண்ணாடித் தட்டு இன்னும் கிளெண்டாவிடமே இருந்தது. செவ்வாய்க்கிழமை அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"உக்கார நேரமில்ல ரோசலிண்ட், இந்தத் தட்டைக் குடுத்துட்டுப் போகலாம்னு—" என்று சொல்லிக்கொண்டே வழக்கம்போல் கோட்டின் இடது கையை உருவினாள்.

"இந்தா," என்றாள் ரோசலிண்ட்.

கிளெண்டாவின் வலது கையில் தட்டு போய்க் கப் வந்திருந்தது. ஆவி பறந்தது. எப்போது குழாயை அழுத்தினாள், எப்போது திருகினாள், ஒன்றும் தெரியவில்லை. பூனை சீறியது போல் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இப்போது கோட்டின் இடது கை தரையில் புரள்கிறது, வலது கை உடம்பில் இருக்கிறது, அந்தக் கையில் சூடான டீ. கழட்டவும் முடியாமல் மாட்டவும் முடியாமல் பாதிக் கோட்டோடு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்படி?" என்றாள் ரோசலிண்ட், குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டே. அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"ரொம்ப... சுறுசுறுப்பா இருக்கு."

"கெட்டில் காலமெல்லாம் போச்சு, கிளெண்டா."

கிளெண்டா ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். ஊதினாள். மேகம் போட்டிருப்பதைப் பற்றிப் பேசினார்கள். மறுபடி ஊதினாள். பேச்சைத் தொப்பிப் பக்கம் திருப்ப ஒரு சந்து தேடினாள். அதற்குள் கப் காலியாகிவிட்டது. காலிக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்திருக்க அவள் என்ன நாகரிகம் தெரியாதவளா? "சரி, கிளம்புறேன்" என்று எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த கையை மாட்டிக்கொண்டாள்.

வாசல் வரை வந்த ரோசலிண்ட் திடீரென்று அவள் முழங்கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஏய், எனக்கு மட்டும் சொல்லேன். அந்தப் பச்சைத் தொப்பி யாரு?"

"என்னைக் கேக்கறியா? தினமும் உன் வீட்டுலதான இருக்கார் மனுஷன்!"

"இருக்கார். வரார், குடிக்கிறார், தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போறார். நாய் பேரைத் தவிர வேற ஒண்ணும் பேசல. உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருப்பார்னு நான் நெனச்சேன்."

"சொல்லியிருக்கார்தான்," என்றாள் கிளெண்டா, "ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்." கூசாமல் பொய் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள். மனசு குழம்பியது. தெருவே அந்த வீட்டில் டீ குடிக்கிறது, ஆனால் ஒரு சேதியும் அங்கே தங்கவில்லை என்றால் சேதியெல்லாம் எங்கேதான் போகிறது?

புதன்கிழமை கெட்டில் செத்தது. அவள் விரலுக்குக் கீழேயே டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். "கடவுளாப் பாத்து வழி காட்டுறார்," என்றான் டெஸ்மண்ட் கும்மாளமாக. இருந்தாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கையில் கிடைத்தால் சும்மா இருக்க முடியாதவன் அவன். சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, கெட்டிலைக் குப்புறக் கவிழ்த்து, அடியைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தனியாக வைத்து, சுரண்டின சுண்ணாம்பை ஒரு சாசரில் குவித்து, அப்படியே விட்டுவிட்டு பீரைப் பார்க்கப் போய்விட்டான். டீக்குத் தண்ணீர் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் வைக்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய பழைய மின் அடுப்பு சூடேறுவதற்கே நல்ல மனசு பண்ண வேண்டும்.

வியாழக்கிழமை காலை பின்கதவில் தட்டும் சத்தம். திறந்தால் நார்மன். தோளில் டெஸ்மண்டின் ஏணி, காலடியில் பிக்கிள்.

"ஏணியைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன், கிளெண்டாம்மா. உக்கார நேரமில்ல."

கிளெண்டாவின் மூளை விழிப்பதற்கு முன்னால் அவள் வாய் விழித்துக்கொண்டது. "அட, உள்ள வாங்க நார்மன், கெட்டில் இப்பத்தான் கொதிச்சுது!"

இருவரும் ஒரே சமயத்தில் மேஜையைப் பார்த்தார்கள். கெட்டில் வயிறு கிழிந்து, குடல் வெளியே கிடக்கப் படுத்திருந்தது.

"இதுவா?" என்றார் நார்மன்.

"அது..." கிளெண்டா விழித்தாள். "சாகறதுக்கு முன்னாடி கொதிச்சுது."

நார்மனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கிற்று, ஏணி குலுங்கிற்று, பிக்கிள் குரைத்தது. கிளெண்டாவும் சிரித்தாள். அவர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றினார். ஒரு கை இல்லை, இரண்டு கையும். கழற்றி, கதவுக் கொக்கியில் மாட்டினார்.

அவள் பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். அடுப்பு தன் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தது. அவர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கப் தேட ஆரம்பித்தாள். தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வராது என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தொழிலில் அவள் இன்று நேற்று வந்தவளா?

"ஏணி உதவிச்சா?" என்றாள், அலமாரியைப் பார்த்து.

"உதவிச்சும்மா. ஜன்னலுக்கு பெயிண்ட் அடிச்சேன்."

உங்க வீட்டு ஜன்னலில் புது பெயிண்ட் எதுவும் இல்லையே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். கப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பாத்திரத்தின் அடியில் ஒரே ஒரு குமிழி தோன்றி, மேலே வரத் தைரியம் இல்லாமல் அங்கேயே நின்றது.

"தெல்மா வீட்டு ஜன்னலுக்கு," என்றார் நார்மன்.

கிளெண்டா ஸ்பூன் தேடினாள்.

"லெட்ச்வொர்த்துல."

கப் நழுவப் பார்த்தது. அவள் திரும்பினாள். "லெட்ச்வொர்த் தெல்மாவா? அவங்க கிளப் கேப்டன் தெல்மாவா? போன வருஷ ஃபைனல்ல நீங்க அளவு நாடா வெச்சு ரெண்டு தடவை அளக்கச் சொல்லி, அப்பவும் தோத்து, கை குடுக்க மாட்டேன்னு..."

"அவளேதான்."

"இந்த மாதிரிப் பொம்பளையோட ஒரே பஸ்ல போறதுக்கு நடந்தே போவேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே!"

"இப்ப கார்லதான போறோம்," என்றார் நார்மன். காது இரண்டும் சிவந்திருந்தன. "மன்னிப்புக் கேக்கப் போனேன்மா. போன இடத்துல... மே மாசம் கல்யாணம் வெச்சிருக்கோம்."

"அட கடவுளே! நார்மன்!" கிளெண்டா கையில் ஸ்பூனோடு அவரைக் கட்டிக்கொண்டாள். "இதைப் போயா இத்தனை நாள் மூடி வெச்சீங்க? நல்ல விஷயம்தானே?"

"அது மட்டும்னா எப்பவோ சொல்லியிருப்பேன்." அவர் நாயைப் பார்த்தார். நாய் எங்கோ பார்த்தது. "நான் அவங்க கிளப்புக்கு மாறுறேன்."

கிளெண்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணத்தை லபர்னம் க்ளோஸ் தாங்கிக்கொள்ளும். இதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

"அதுக்குத்தாம்மா ரோசலிண்ட் வீட்டுக்குப் போய்ப் போய் வந்தேன். நாலு பேர் இருக்கிற இடம், மெதுவா எடுத்து விட்டுடலாம்னு. எங்க முடியுது? வாயைத் திறந்தா கையில கப்பு. சூடா இருக்கே, ஊதணும். ஊதிக்கிட்டே இந்த மாதிரி விஷயத்தைச் சொல்ல முடியுமா? ஊதி முடிச்சா டீயும் முடிஞ்சுடுது. எழுந்து வந்துடுறேன். தினமும் இதே கதை."

"நேரா எங்கிட்ட வர்றதுக்கு என்ன?"

நார்மன் தயங்கினார். "உங்கிட்டச் சொன்னா ஊர் முழுக்கத் தெரிஞ்சுடுமேன்னு பயந்தேன்."

கிளெண்டாவின் புருவம் ஏறிற்று.

"அப்புறம் நேத்து யோசிச்சேன். தெரியத்தானே வேணும்! ஒவ்வொரு வீடா நான் ஏறி இறங்கி, ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்து... என்னால ஆகாதும்மா. நீ சொன்னீன்னா பக்குவமா சொல்லுவ. முதல்ல கல்யாணத்தைச் சொல்லு. அவங்க சந்தோஷமா இருக்கும்போதே கிளப்பைச் சொல்லிடு."

இது திட்டா பாராட்டா என்று கிளெண்டா ஒரு கணம் எடை போட்டாள். பாராட்டு என்று முடிவு செய்தாள். அதே நேரம் பால் பாத்திரத்துத் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்து புஸ்ஸென்றது. நார்மன் இரண்டு கப் குடித்தார், பிஸ்கட்டின் பாதியைப் பிக்கிளுக்குக் கொடுத்தார், கிளம்பும்போது பத்து வயது குறைந்தவர் போல் போனார்.

அவர் போன சூடு ஆறுவதற்குள் குழாய்க் கம்பெனி ஆள் வந்தார். தடித்த, கலகலப்பான மனிதர், பெயர் மல்கம். சிங்குக் கதவைத் திறந்ததும் பைகள் நிறைந்த பை அவர் மேல் சரிந்து, அவர் கொஞ்ச நேரம் பைகளுக்குள் இருந்தார். வெளியே வந்து அளவெடுத்தார். "டேங்க் தாராளமா உக்காரும், மேடம். இதெல்லாம் போயாகணும்."

"பாத்தியா?" என்றான் டெஸ்மண்ட். அவன் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"முதல்ல ஒரு டீ குடிங்க," என்றாள் கிளெண்டா. பழக்க தோஷம். பால் பாத்திரத்தை வைத்தாள், முதுகைத் திருப்பினாள்.

மல்கம் மேடையில் சாய்ந்து நின்றார். தண்ணீர் அசையவில்லை. அவர் அடுப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் எதிர் வீட்டைப் பார்த்தார். "அந்த வீட்டுக்கு நான்தான் மாட்டினேன்," என்றார். கிளெண்டா கப் தேடினாள். "நல்லவங்கதான். ஆனா ஒரு விசித்திரம் பாருங்க. போன வாரம் போன் பண்றாங்க. தண்ணி கொஞ்சம் மெதுவா வர்ற மாதிரி வைக்க முடியுமான்னு கேக்குறாங்க! என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல, மேடம்."

கிளெண்டா அலமாரிக் கதவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

டீ வரும் வரைக்கும் மல்கம் அவருடைய மச்சான் வீட்டு விவகாரம், காலையில் அளவெடுத்த பதினாலாம் எண் வீட்டு மகள் புருஷனிடமே திரும்பிப் போகப் போகிறாள் என்பது, தன் முட்டி வலி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம டேப் இருந்தா இது எப்பவோ கைக்கு வந்திருக்கும், மேடம்," என்றார்.

"அதேதான், மல்கம்," என்றாள் கிளெண்டா. "எங்களுக்கு வேண்டாம்."

டெஸ்மண்ட் கெஞ்சிப் பார்த்தான், விளம்பரப் புத்தகத்தை விரித்துக் காட்டினான், தொண்ணூத்தெட்டு டிகிரி என்றான். ஒன்றும் எடுபடவில்லை. மறுநாள் கிளெண்டா சந்தைக்குப் போய் அடுப்பில் வைக்கிற, விசில் அடிக்கிற பழைய மாதிரி கெட்டில் ஒன்று வாங்கி வந்தாள். கடைக்காரர், "இது கொஞ்சம் மெதுவாத்தான் கொதிக்கும், அம்மா" என்று நேர்மையாக எச்சரித்தார். அவள் அதிலேயே பெரிய அளவாகப் பார்த்து எடுத்தாள்.

வார முடிவுக்குள் தெரு முழுக்கச் சேதி தெரிந்துவிட்டது. முதலில் கல்யாணம், பிறகு கிளப், சொல்லச் சொன்ன வரிசையில் பிசகாமல். பௌல்ஸ்காரர்கள் இரண்டு நாள் முறைத்துவிட்டு, கல்யாணப் பரிசுக்குப் பணம் போட ஒரு தொப்பியைக் கைமாற்றிச் சுற்ற விட்டார்கள். கிளெண்டாவின் மேஜையைச் சுற்றி மறுபடி நாற்காலி போதவில்லை.

பிறகு ஒரு காலை, ஜன்னல் வழியே பார்த்தபோது, ரோசலிண்ட் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். அதே நேரம் டெஸ்மண்ட் காலிக் கப்பைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். நடுத்தெருவில் இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். ரோசலிண்ட் வீட்டுக் கூரைத் தகரத்தில் இலை இப்போதெல்லாம் தினமும் அடைத்துக்கொள்கிறது. அந்த மாதிரிக் குழாய் வாங்கலாமா என்று யாராவது யோசனை கேட்டால், கிளெண்டா, "கண்டிப்பா வாங்கணும், ஆனா எதிர் வீட்டுல வாங்கணும்" என்பாள்.

பின்கதவு திறந்தது.

"உக்கார நேரமில்ல," என்றாள் ரோசலிண்ட். "உன் புருஷன் என் வீட்டுச் சாவியே தன்கிட்ட இருக்கிற மாதிரி போறான், அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வா வா," என்றாள் கிளெண்டா. "கெட்டில் இப்பத்தான் கொதிச்சுது."

குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீரை அந்தப் பெரிய கெட்டிலின் கழுத்து வரைக்கும் பிடித்தாள். அடுப்பில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பினாள். பின்னால் ரோசலிண்ட் கோட்டின் இடது கையை உருவுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வலது கை. அப்புறம் கதவுக் கொக்கியின் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், நீளமாக ஒரு பெருமூச்சு.

கிளெண்டா கப் தேட ஆரம்பித்தாள்.